பின்புறம் இல்லாத குன்று

வரை நிற்க, ஓடை நடக்க, மணல் தன் மேட்டில் உறங்க, மழையும் காற்றும் தம் காலத்தே வந்து இவற்றைத் தம் கையால் தொடுக, பிற கை அஞ்சுக.

எழுவரை நாட்டை ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கின்றவரும், ஆழிமுற்றத்துக் கோயிலில் வீற்றிருந்து முறை கேட்கின்றவருமான பெருமாட்டி வரைநங்கைத் தேவியார் திருவாய் மொழிய, திருமந்திர ஓலைநாயகன் கீரன் கொற்றன் எழுதிய ஓலை. ஈரோடைக் கூற்றத்தைத் தேவியார் பெயரால் ஆண்டுவரும் நாடாழ்வான் எயினன் பெருஞ்சாத்தன் காண்க. அக்கூற்றத்து உழவரும் ஆயரும் குயவரும் கல்தச்சரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் கேட்க. உங்கள் ஓடை இரண்டிலும் நீர் வற்றாதிருக்க. உங்கள் அடுப்பு அணையாதிருக்க. உங்கள் ஆடு மாடு தலைக்கு இரண்டாய்ப் பெருகுக.

இவ்வோலையை நாடாழ்வான் தம் வாயாலேயே, ஈரோடை மன்றத்து மரத்தடியில், ஊர் கூடியிருக்கப் படிப்பாராக. வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே உள்ளே போதல் ஆகாது. வரி விடாமல் படிக்கப்படுகிறதா என்று பார்க்கத் தூதுவன் பக்கத்தில் நிற்பான். அவனுக்கு ஓலை முழுதும் மனப்பாடம். கேட்க வந்த மக்காள், வெயிலில் நிற்பவர்கள் நிழலுக்கு வாருங்கள். கைப்பிள்ளைக்காரிகள் முன்னால் அமருங்கள். பிள்ளை அழுதால் வெட்கப்பட்டு எழுந்து போக வேண்டா. அது அழுது முடிக்கட்டும், நாடாழ்வான் காத்திருப்பார். உங்கள் குன்றைப் பற்றிய சேதி இது. உங்களைக் கேளாமல் நடந்தது. ஆதலால் உங்களைக் கேட்க வைத்தே சொல்லப்படுகிறது.

முதலில் முறை இன்னதென்று அறிக. எழுவரை நாட்டில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை நிலக்காட்சி நடக்கும். அரண்மனையிலிருந்து நிலக்கோல் பெற்ற நிலங்காணி ஒருவர் ஒவ்வொரு கூற்றத்துக்கும் வந்து, அங்கே முன்னோர் நட்ட காண்கல்லின் மேல் காலையில் செருப்பைக் கழற்றி ஏறி நின்று, அந்நாட்டின் நிலவகைகளை ஒவ்வொன்றாகக் கண்டு ஓலையில் பதிவார். உழுத நிலம் எத்தனை, விளைந்தது எத்தனை என்பது அவர் வேலையன்று. மண்ணும் கல்லும் நீரும் எத்தனை வகையாக உருக்கொண்டு நிற்கின்றன, அவற்றில் மனிதர் கை எதன்மேல் எவ்வளவு பட்டிருக்கிறது என்பதே அவர் வேலை. ஈரோடையில் வகை ஏழு: ஊதுகுன்று, உருண்டைக்கல் அடுக்கு, செம்மண் ஓடைக்காடு, வளைவோடை, வெண்மணல் மேடு, உவர்க்களர், பிலம் என்னும் குகை. ஒவ்வொன்றும் இருந்தபடி இருந்தால் "நின்றது" என்று எழுதுவார். காற்றும் மழையும் அரித்திருந்தால் "தேய்ந்தது". அதில் குற்றம் இல்லை, அது அவற்றின் உரிமை. மனிதர் கை பட்டிருந்தால் "கைபட்டது". இந்த ஒரு சொல் ஓலையில் ஏறிவிட்டால், தேவியார் கேட்டு முடிக்கும்வரை அந்நிலத்தில் உளியோ மண்வெட்டியோ விழலாகாது.

இவ்வாண்டு ஈரோடைக்கு வந்த நிலங்காணி தத்தை. குன்றூரில் பிறந்தவள், நாற்பத்தெட்டு வயதினள், இடது முழங்காலில் ஒரு பிடிப்பு உடையவள். மேடு கண்டால் அந்தக் காலைச் சிறிது திட்டிக்கொண்டே ஏறுவாள். இதற்கு முன் இருமுறை அதே காண்கல்லில் ஏறி, அதே ஊதுகுன்றைக் கண்டு, "நின்றது" என்று தன் கையால் எழுதியவள்.

ஆவணித் திங்கள் வளர்பிறையில் காட்சி நடந்தது. கிழக்கே ஞாயிறு எழ, மேற்கே இருந்த ஊதுகுன்றின் முகம் முழுதும் ஒளி விழுந்தது. மஞ்சள், சிவப்பு, கருப்பு என்று கோடு கோடாய் அடுக்கிய அந்தக் குன்று, நீராடி வந்து நெற்றிக்கு இட்டுக்கொண்டாற்போல் நின்றது என்று தத்தை சொன்னாள். ஏழும் கண்டாள், ஏழுக்கும் "நின்றது" என்று எழுதினாள். எழுத்தாணியை உறையில் இடுமுன் நாடாழ்வானின் பல்லக்கு காண்கல்லின் அடிக்கே வந்து நின்றது.

நாடாழ்வான் அன்று சொன்ன சொல்லையும், பின்னர் மற்றவர் சொன்ன சொல்லையும், சொன்னபடியே எழுதுக, திருத்தற்க என்பது தேவியார் ஆணை. ஆகையால் அப்படியே எழுதப்படுகிறது. நாடாழ்வான் தம் குரலிலேயே படிக்கலாம், அவர் சொன்னதுதானே.

"காட்சி முடிஞ்சுதே அம்மா, இன்னும் என்ன? வெயில் ஏறுது. பல்லக்குல ஏறுங்க. நெய்ச்சோறு ஆறிப்போனா வட்டிச்சவங்க மனசு ஆறாது."

தத்தை கல்லிலிருந்து நேரே பல்லக்கில் ஏறினாள். விருந்து பெரிது. மூன்று வகைப் பாயசம் வந்தது. உண்டு கை கழுவிப் புறப்பட எழுந்தபோதுதான் காலைப் பார்த்தாள், செருப்பு இல்லை. கழற்றிய இடத்திலேயே, காண்கல்லின் அடியிலேயே அது கிடந்தது.

நாடாழ்வான் உள்ளே ஆள் அனுப்பி ஒரு புதுச்செருப்பு வருவித்தார். மான்தோல், வாரில் சிறு வெள்ளி மணிகள். அதை அணிந்து அப்படியே வடக்கு வழியாகப் போகலாம், அடுத்த கூற்றத்துக்கு அதுவே குறுக்குவழி என்றார். தத்தை, தன் காலுக்குப் பழகியது பழைய செருப்புதான் என்றாள். நாடாழ்வான் சிரித்தார்.

"பேரு தத்தைன்னு சரியாத்தான் வச்சிருக்காங்க. பழைய செருப்பு, பழைய செருப்புன்னு கிளி மாதிரி சொன்னதையே சொல்றீங்க. பிஞ்ச தோலுக்காகவா அவ்வளவு தூரம் திரும்பிப் போவீங்க?"

"பிஞ்சதுதான் ஐயா. ஆனா என் முழங்கால் பேச்சை அது ஒண்ணுதான் கேக்கும்" என்றாள் தத்தை. கொடுத்ததை மறுத்தால் அவமதிப்பு ஆகுமே என்று மணிச்செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். நிலங்காணிக்கு வந்த பரிசு எதுவாயினும் அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. அதை ஓலைத்தூக்கில் கட்டிக்கொண்டு, சுடுமண்ணில் வெறுங்காலோடு நடந்தாள்.

காண்கல்லை அடைந்தபோது ஞாயிறு மேற்கே குன்றின் தலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நிலக்காட்சி காலையில் நடப்பது. மாலையில் அங்கே எந்த நிலங்காணியும் நின்றதில்லை. செருப்பை மாட்டக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஊதுகுன்றின் உடம்பெல்லாம் ஒளிப்புள்ளி. சல்லடைக்குள் விளக்கை வைத்தாற்போல் கல்லுக்குள் வெயில் எரிந்தது. உச்சியில் ஒன்று, இடுப்பில் நான்கைந்து, அடிவாரத்தில் கீறலாய் ஒன்று. கல்லுக்குள் வெயில் ஏது? தத்தை செருப்பை மாட்டினாள். வாரைக் கட்டினாள், முழங்காலைத் திட்ட மறந்து, குன்றைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போனாள்.

மக்காள், முன்னால் குன்று இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. தேங்காயை உடைத்து உள்ளிருந்த பருப்பையெல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டு, ஓட்டை மட்டும் வழியைப் பார்க்க நிமிர்த்தி வைத்தாற்போல் இருந்தது. ஓட்டின் கனம் சில இடத்தில் இரண்டு முழம்; சில இடத்தில் ஒரு சாண்கூட இல்லை. விரிசல் விட்ட இடங்களில் மஞ்சள் மண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்திருந்தது. அடைப்பு உதிர்ந்த இடங்களில்தான் வெயில் வந்தது. இவ்வளவிலும் ஒன்று மிஞ்சியிருந்தது. குன்றின் தென்கோடியில், காற்று நுழைந்து ஊதும் அந்தக் கல்வளைவும், அதன் அடியில் சுனையும். இரண்டு யானை பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அத்தனை பெரிய வளைவு. எழுவரை நாட்டில் வேறெங்கும் அப்படி ஒன்று இல்லை. அதன் காலிலும் கரிக்கோடு இழுத்து, உளிக்கு அளவு வைத்திருந்தது.

சுனையில் நீர் முகக்க வந்தவள் பின்குன்றத்து நாகி, ஆட்டுக்கார வீட்டுப் பெண். நிலக்கோலைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், குடத்தைக் கீழே வைத்தாள். "வழி தப்பி வந்துட்டியா தாயி?" என்றாள்.

தத்தை, தான் நிலங்காணி என்றும், குன்றைக் காண வந்ததாகவும் சொன்னாள்.

"குன்றையா? இருந்தப்ப வந்திருக்கலாமே. ஒம்போது வருசத்துக்கு ஒருக்கா வர்றீங்க. அந்தப் பக்கமா நின்னு மூஞ்சியப் பாத்துட்டு, பாயசம் குடிச்சிட்டுப் போயிடுறீங்க. குன்றுக்கு முதுகு உண்டு, முதுகுக்குப் பின்னால நாப்பது வீடு உண்டுன்னு உங்க ஓலையில யாராச்சும் எழுதியிருக்கீங்களா? பொண்ணு பாக்க வந்தவன்கூட ஒருதரம் திரும்பச் சொல்லிப் பாப்பான்."

தத்தைக்கு அந்தச் சொல் சுட்டது. பதினெட்டு ஆண்டாய்த் தான் எழுதிய "நின்றது", அன்று காலை எழுதியதோடு மூன்றும், கண்முன் வந்தன. நாகி குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். நீர் அரிசி கழுவியதுபோல் வெளுத்திருந்தது.

"கல்லுத்தூளு. ராத்திரி வச்சா காலையில அடியில விரக்கடை நிக்கும். மேல இருக்கிறதக் குடிக்கிறோம். மூணு ஆடியா குன்று ஊதலை. ஆடிக்காத்துல அது ஊதுச்சுன்னா விதைப்போம். இப்ப எங்க வீட்டு ஆளு தினம் வாசல்ல போய் நின்னு காதக் குடுத்துட்டு வர்றாரு. தைமாசம் இந்த வளைவையும் எடுக்கப் போறாங்களாம். எடுத்தா சுனை மூடிப்போவும். அப்புறம் நாங்களும் மூஞ்சி மட்டும் வச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

ஆகவே, மக்காள், தத்தையின் கையில் இருந்தது ஒரே ஒரு சொல். "கைபட்டது" என்று அவள் எழுதி அது செல்லுமானால் வளைவு நிற்கும், சுனை பிழைக்கும். செல்லாதானால், தைத் திங்களில் இரண்டும் போகும். காலையில் எழுதிய "நின்றது" என்பதைக் கீறினாள். மேலே "கைபட்டது" என்று எழுதினாள். எழுதிவிட்டு, அதற்குச் சான்று தேடிக் கல்தச்சர் குடிலுக்குப் போனாள்.

கல்தச்சரில் மூத்தவர் கண்ணந்தை. அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. வேலையின் நேர்த்தியைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

"சும்மா வெட்டுனா ஒரு திங்கள்ல முடிச்சிருப்போம் தாயி. இது மூணு வருசம். முன்மூஞ்சியில ஒரு சில்லு விழுந்தா விரலை எடுத்துருவேன்னு நாடாழ்வான் சொல்லியிருக்காரு. அதனால காண்கல்லு மேல ஒருத்தன நிறுத்திட்டோம். இங்க உளி வைக்கையில அங்க மூஞ்சி அதிர்ந்துச்சுன்னா துணிய ஆட்டுவான், நிறுத்திருவோம். அப்படியும் ஓட்டை விழுந்தா மண்ணு பிசைஞ்சு அப்பிருவோம். நீங்க நின்னு பாத்தீங்களே, தெரிஞ்சுதா? தெரியாதில்ல? அதான் வேலை!"

கல் எங்கே போயிற்று என்று தத்தை கேட்டாள். "மேலிடத்துக்கு" என்றார் கண்ணந்தை, கையை வானத்தைப் பார்க்கக் காட்டி. "நானூறு பலகை. வண்டி போறப்ப ஊரே எழுந்து நின்னு கும்பிட்டுச்சு."

நாடாழ்வான் இவ்விடத்தில் நீர் பருகலாம். தூதுவன் காத்திருப்பான்.

அதன்பின் தத்தை அடுத்த கூற்றத்துக்குப் போகவில்லை. ஒருமுறை ஏமாந்த கண்ணை அவள் நம்பவில்லை. பத்தொன்பது நாள், ஈரோடையின் ஏழு வகையையும் காலால் சுற்றினாள். ஒவ்வொன்றுக்கும் பின்புறம், அடிப்புறம், உட்புறம் பார்த்தாள். "கைபட்டது" என்ற ஒரு சொல் போதாது என்று கண்டு, அதனையும் பிரித்து எழுதினாள். உவர்க்களரில் குயவர் தலைமுறை தலைமுறையாய் மண் எடுத்த குழிகளைக் கண்டாள். அவற்றில் நீர் நின்று, கொக்கு வந்து, களர் தன் இயல்பு கெடாமல் இருந்தது. அதைக் குற்றமென்று எழுதவில்லை. "கைபட்டும் கெடாதது" என்றாள். வளைவோடையில், கல்வண்டி போக ஒரு வளைவை வெட்டி நேராக்கியிருந்தது. வண்டி கரையை விட்டு விலகினால் இரண்டு மாரியில் ஓடை தன் வளைவைத் தானே தேடிக்கொள்ளும் என்று கணித்து, "கைபட்டுத் தேறுவது" என்றாள். வெண்மணல் மேட்டில் பாதி வாரிப் போயிருந்தது. காற்று கொண்டுவந்து போட்டால் தேறும், போடாவிட்டால் தேறாது என்று ஐயத்தோடு எழுதினாள். ஊதுகுன்றின் முதுகுக்கு வந்தபோது எழுத்தாணி நின்றது என்றாள். "கைபட்டுத் தேறாதது." அவ்வளவே எழுதினாள்.

தத்தையின் ஓலை ஆழிமுற்றம் வருமுன்னரே நாடாழ்வானின் ஓலை வந்துவிட்டது. அதன் சாரம் இது: ஈரோடையில் ஏழும் நின்றன; காண்கல்லில் நின்று காண்பதே நிலக்காட்சி; தத்தை அக்கல்லில் நின்று ஏழும் கண்டு, "நின்றது" என்று எழுதியதை எம் கண்ணால் கண்டோம்; பின்னர்க் கல்லை விட்டு இறங்கி நடந்து எழுதியது முறைப்பிழை; அது செல்லாது; முறை பிழைத்தவள் கையில் நிலக்கோல் இருத்தல் ஆகாது. இன்னும் ஒன்று எழுதியிருந்தார். அதனை நாடாழ்வான் சற்று உரக்கப் படிப்பாராக: "ஈரோடையில் குன்றுக்கா பஞ்சம்? நாற்பது குன்று நிற்கின்றன. ஒன்றின் முதுகு போனால் நாட்டுக்கு என்ன குறை?"

வழக்கு புதுமண்டபத்தில் கேட்கப்பட்டது. அறமன்றத்தார் ஐவரும் பழைய விதியைப் புரட்டினர். "காண்கல்லில் நின்று காண்க" என்றே அதில் இருந்தது. நடக்க என்று எங்கும் இல்லை. விதி நாடாழ்வான் பக்கம் நிற்பதாக ஐவரும் தலையசைத்தனர். அறமன்றத்தார் கேட்க, தத்தை தன் நிலக்கோலைத் தரையில் வைத்தாள். அது உருண்டு சிறிது தூரம் போய் நின்றது. அவள் கண் அதன்மேல் இல்லை. மண்டபத்துள் நுழைந்த நேரம் முதல் அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பலகையில் நின்றவள் அடுத்த பலகைக்குக் காலை மாற்றி வைக்கத் தயங்கினாள். அருகில் நின்றவர்கள் அதனை அச்சம் என்று எண்ணினர்.

தீர்ப்புச் சொல்லுமுன் தேவியார் ஒன்றே ஒன்று கேட்டருளினார்: அக்குன்றின் முதுகு நீ சொன்னபடி இல்லையாயின், அது எங்கே போயிற்று?

தத்தை கைகூப்பினாள். "அடியேன் அதன்மேலதான் நிக்கிறேன் தாயே. தாங்களும் அதன்மேலதான் இருக்கீங்க" என்றாள்.

தேவியார் தரையைப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, கருப்பு. கோடு கோடாய், நானூறு பலகை. தாம் முடிசூடிய ஆண்டில், அழகான வரிக்கல் நாற்பது பலகை கிடைக்குமா என்று ஈரோடைக்குத் தாமே எழுதியதும், நானூறாய் வந்தபோது எங்கிருந்து என்று கேளாமல் மகிழ்ந்ததும், வந்த வேற்றுநாட்டுத் தூதர்க்கெல்லாம் தொட்டுக் காட்டிப் புகழ்ந்ததும் அவர் நினைவுக்கு வந்தன. தைத் திங்களில் வருவதாய் இருந்த புதிய வாயில்வளைவு எதுவென்றும் அப்போது விளங்கிற்று. தேவியார் இருக்கையை விட்டு இறங்கினார். உருண்டு கிடந்த நிலக்கோலைத் தாமே குனிந்து எடுத்துத் தத்தையின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, முதற்குற்றம் தம்முடையது என்று அறமன்றத்தாரைப் பார்த்துச் சொல்லி, அதை முதல் வரியாக எழுதச் சொன்னார். எழுதப்பட்டது.

இதுவரை ஊருக்கு. நாடாழ்வானே, இனி உமக்கு. நிறுத்தாமல் படியும்.

குன்று என்ன, கூத்தாடி கட்டும் முகமூடியா, முன்னால் நிறுத்தி வைத்துப் பின்னால் நீர் வேறு வேலை பார்க்க? நாற்பது குன்று இருக்கிறதே என்றீர். நாற்பதும் ஒரு வகை. ஊதுகுன்று ஒன்றே ஒரு வகை. நாற்பது காக்கை இருக்கிறதே என்று ஒற்றை அன்னத்தைக் குழம்பு வைப்பவன் கணக்கறிந்தவனா? மரத்தை வெட்டியவன் கன்று நடுகிறான். நெல்லைத் தின்றவன் விதைநெல் வைத்திருக்கிறான். குன்றுக்கு விதை எந்தக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறீர்? அந்த மஞ்சள் கோட்டின் மேல் சிவப்புக் கோடு படிய எத்தனை ஊழி எத்தனை வெள்ளம் வந்து வடிந்தது என்று அறிந்தவர் எவரும் இல்லை. உமக்கு மூன்று ஆண்டு போதுமாயிருந்தது. நாற்பது கேட்டோம், கேட்டது எம் பிழை. நானூறு அனுப்பினீர்; அது உம் பிழை. இவ்விரண்டிலும் பெரிய பிழை ஒன்று உண்டு. காண்கல்லில் ஆள் நிறுத்தி, துணியை ஆட்டி, மண் பிசைந்து அப்பி, காவலுக்கு நட்ட கல்லையே களவுக்குத் துணையாக்கினீர். விதியின் எழுத்து ஒன்றும் குறையாமல் காத்து, அதன் உயிரை வண்டியில் ஏற்றினீர். முன்னோர் அக்கல்லை நட்டது அங்கிருந்து தொடங்குக என்பதற்கு. அங்கேயே முடிக்க என்பதற்கு அன்று.

ஆகவே ஆணை. தத்தையின் ஓலை செல்லும்; ஊதுகுன்றும் வளைவும் சுனையும் "கைபட்டது" என்ற சொல்லின் காவலில் உள்ளன. இவ்வோலை கண்ட நாள் முதல் அங்கே உளி விழலாகாது. விழுந்தால் உளி பிடித்த கை விடுபடும், அனுப்பிய வாயே கேள்விக்கு வரும். கல்தச்சர் மேல் குற்றம் இல்லை. கண்ணந்தை போன்ற கை வீணாகலாகாது, வளைவின் கால் சரியாதபடி முட்டுக்கொடுக்கும் வேலையை அவர் ஏற்பாராக. குன்றின் முகத்தில் அப்பிய மண்ணை நீரே ஏணி வைத்து ஏறி, உம் கையால் கழுவி எடுப்பீராக. ஓட்டை எல்லாம் ஊர் காணத் திறந்தே இருக்கட்டும். எடுத்த கல்லைத் திருப்பி அனுப்பி ஒட்டவைக்கும் எண்ணம் எமக்கு இல்லை. ஒட்டினால் அது சுவர் ஆகும், குன்று ஆகாது. எம் மண்டபத்துக்கு இனி "ஊதுகுன்றின் முதுகு" என்றே பெயர்; வரும் தூதர்க்கெல்லாம் யாம் அதையே சொல்லிக் காட்டுவோம். காண்கல்லைப் பெயர்த்து, பின்குன்றத்துச் சுனையில் பெண்கள் கால் வைக்கும் படியாகப் போடுக. இனிமேல் எழுவரை நாட்டில் எந்த நிலங்காணியும் ஓலையோடு தம் செருப்பையும் அரண்மனையில் காட்ட வேண்டும். அடி தேயாத செருப்போடு வந்த ஓலை செல்லாது.

பின்குன்றத்து மக்காள், உங்களுக்குத் தேவியார் தனியே சொல்லச் சொன்ன சொல் ஒன்று உண்டு. சுனை தெளிய இரண்டு மாரி ஆகும் என்று தத்தை கணித்திருக்கிறாள். அதுவரை குடிநீர் வளைவோடையின் மேற்கரையிலிருந்து நாடாழ்வான் வீட்டு வண்டியில், நாடாழ்வான் வீட்டு மாட்டைப் பூட்டி, நாள்தோறும் வரும். குன்று மறுபடி ஊதுமா என்று நாகியின் வீட்டார் கேட்டனுப்பினர். வளைவு நிற்கிறது, ஆனால் காற்றைக் கூட்டிக்கொடுத்த முதுகு இல்லை. ஊதும் என்று பொய் சொல்லத் தேவியாருக்கு வாய் வரவில்லை. பொறுத்தருளுங்கள்.

நாடாழ்வானே, முடிவாக ஒன்று. நிலங்காணிக்கு நீர் கொடுத்த மான்தோல் செருப்பு முறைப்படி அரண்மனையில் ஒப்படைக்கப்பட்டது. அது இவ்வோலையோடு உம்மிடமே திரும்பி வருகிறது. படித்து முடித்ததும், இவர்கள் எல்லோரும் காண, இங்கேயே அதனை அணிவீராக. நாளை முதல் அடுத்த நிலக்காட்சி வரை, ஒன்பது ஆண்டும், நாள் தவறாமல் அதோடு ஊதுகுன்றை ஒருமுறை சுற்றி வருவீராக. பல்லக்கு ஆகாது. வார் அறுந்தால் தைத்துக்கொள்க. மணி மட்டும் கழற்றற்க. நீர் வந்தீரா இல்லையா என்பதை நாகி சொல்வாள். அவள் சொல்லே எமக்குச் சான்று. குன்று ஊதாத ஊரில் அந்த மணியாவது நாள்தோறும் கேட்கட்டும்.

ஆவணி கழிந்து புரட்டாசித் திங்கள், தேய்பிறை மூன்றாம் நாள், ஊதுகுன்றின் முதுகு என்னும் மண்டபத்தில், தேவியார் தரையில் அமர்ந்திருந்து மொழிய எழுதியது. நாகியின் குடத்தடியில் படிந்த கல்தூளைத் தத்தை கொண்டுவந்திருந்தாள். அதையே அரக்கில் குழைத்து இலச்சினை இடப்பட்டது. இலச்சினை வெளுத்திருப்பது கண்டு ஐயுறற்க. உம் குன்றுதான் அது.

இது திருமுகம். படித்தவர் நடக்க, கேட்டவர் காக்க.